பனிமயத்தக்காவின் பத்து நகங்கள்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அந்தப் பத்து நகங்களையும் ஒன்பது வருடம், ஞாயிறும் பெரிய வெள்ளியும் தவிர எல்லாக் காலைகளிலும், இறால் கம்பெனி வாசலில் டியூப்லைட்டுக்குக் கீழே என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததையும் நம்பாமல் இருக்க ஒருவனுக்கு என்ன வியாதி என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். பனிமயத்தக்கா சொன்ன கதையில் எங்கோ ஓர் இடத்தில் என் மனது படியாமல் நின்றது. அது எந்த இடம் என்று தெரியாததால் முழுக் கதையின் மேலும் சந்தேகத்தை வைத்திருந்தேன்.

எங்கள் சிலுவைத்துறையில் எதுவும் எதன்மேலும் ஒட்டி நிற்காது. கிழக்கே கடலும் மேற்கே உப்பளமும் நடுவில் நாங்களுமாக, இரண்டு பக்கமிருந்தும் உப்புக் காற்று வீசுகிற ஊரில், கிறிஸ்துமஸுக்கு அடித்த சுண்ணாம்பு ஈஸ்டருக்குள் செதில் செதிலாக உரிந்து விழும், படகில் எழுதிய பெயர் ஒரு பருவம் முடிவதற்குள் பாதி எழுத்தாகிவிடும், தபால் பெட்டியின் சிவப்பும் பஸ் நிறுத்தத்தின் மஞ்சளும் பள்ளிக்கூடக் கரும்பலகையின் கறுப்பும் ஒரு நாள் காலையில் கூட்டி அள்ளும்படி தரையில் கிடக்கும், ஊர் அதைக் கூட்டி அள்ளிவிட்டு மறுபடியும் அடிக்கும். இதற்காக யாரும் கடலோடு சண்டைக்குப் போனதில்லை.

நான் இறால் கம்பெனியில் சுகாதார மேற்பார்வையாளன். பெயர் பெரிது, வேலை சின்னது. காலையில் நூற்று நாற்பது பெண்கள் வரிசையாக வந்து இரண்டு கையையும் நீட்டுவார்கள். புறங்கையைப் பார்ப்பேன், திருப்பச் சொல்லி உள்ளங்கையைப் பார்ப்பேன். மோதிரம் கூடாது, வளையல் கூடாது, ஆறாத காயம் கூடாது, வளர்ந்த நகம் கூடாது, நகச்சாயம் கூடவே கூடாது. கையுறை போட்டால் ஓட்டோடு சதையும் வந்துவிடும் என்று இவர்கள் வெறுங்கையால்தான் இறால் உரிப்பார்கள். அந்தக் கையிலிருந்து சாயத் துணுக்கு ஒன்று உதிர்ந்து, இறாலோடு உறைந்து, கடல் தாண்டிப் போய், யாரோ ஒருவருடைய தட்டில் கிடந்தால் கன்டெய்னர் முழுவதும் திரும்பி வந்துவிடும். அதனால் நான் கைகளைப் பார்த்தேன். இருபது வருடம் நூற்று நாற்பது பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே முகங்களைப் பார்க்காமல் ஒரு மனிதன் இருந்துவிட முடியும்.

சென்னையில் இரண்டு வருடம் வேலை கற்றுக்கொண்டு வந்த மெல்பா, மீன் மார்க்கெட்டுக்கு எதிரே, தையல்காரர் காலி செய்த அறையில் நகக்கடை போட்டாள். அவள் கொண்டுவந்தது ஜெல் பாலிஷ். பூசிவிட்டு, சோப்புப் பெட்டி அளவிலான ஒரு விளக்குக்குள் விரல்களை வைத்தால், அதன் ஊதா வெளிச்சத்தில் சாயம் கல்லாக இறுகிவிடும். “இருபத்தொரு நாள் உரியாது” என்று வாசலில் எழுதி வைத்தாள். எங்கள் ஊரில் எழுதக்கூடாத வாக்கியம் அது. மூன்றாம் நாள் ஓரம் தூக்கியது, ஐந்தாம் நாள் இறால் ஓடு கழல்வதுபோல முழுச் சாயமும் கழன்று வந்தது. பெண்கள் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

“இந்தா பிடி, மெல்பா. உன் இருபத்தொரு நாளு மூணு நாளுலயே முடிஞ்சிட்டு.”

“நகத்தால டப்பா மூடிய நெம்புனியளாக்கா?”

“பின்ன நகம் எதுக்குட்டி இருக்கு? சாமி கும்பிடவா?”

மெல்பா சண்டை போடவில்லை. இன்னும் மெல்லிசாகப் பூசிப் பார்த்தாள். நகத்தின் அடித்தோலைத் தள்ளிவிட்டு, சாயம் சதையில் படாமல் பூசிப் பார்த்தாள். நகத்தின் நுனி விளிம்பையும் சேர்த்து மூடிப் பார்த்தாள். முதல் நாள் சுடுதண்ணீரில் பாத்திரம் விளக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் மூன்றாம் நாள் ஓரம் தூக்கின. ஒரு நாள் அவள் தற்செயலாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, லீவு நாளுக்காகக் கடைக்கு வந்த கம்பெனிப் பெண்களும் உப்பளத்துப் பெண்களும் படியேறுவதற்கு முன்னால் அடிகுழாய்க்குப் பின்னால் ஒதுங்கி நின்று, இடுப்பில் செருகியிருந்த குட்டி பாட்டிலிலிருந்து தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கைகளில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். எண்ணெய் பட்ட நகத்தில் ஜெல் பிடிக்காது. உள்ளே வந்ததும் அவள் பஞ்சால் துடைப்பது மேலோடு போய்விடும். நகத்தின் ஓரங்களில் ஊறிய எண்ணெய் அங்கேயே இருக்கும்.

“ஏன்க்கா இப்படிச் செய்யுதிய?” என்று அவள் கேட்டபோது பதில் சொன்னவர், சாயம் போட விசாரிக்க வந்திருந்த பனிமயத்தக்கா.

“எட்டு மணி நேரம் ஐஸ் தண்ணிக்குள்ள கிடந்து வெடிச்ச கை இது. இத அப்படியே கொண்டாந்து எப்படிட்டி அடுத்தவ மடியில வைக்க?”

பனிமயத்தக்காவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கணவர் இல்லை, ஒரே மகள் ரெக்ஸிலின். கம்பெனியில் இருபத்து மூன்று வருடம். அவர் விரல்களுக்கு நடுவில் இறால் தானாகவே சட்டையைக் கழற்றுகிறது என்பார்கள். அவ்வளவு வேகமான கையை அவர் வெளியில் யாருக்கும் காட்டியதில்லை. தெருவில் ஆள்களோடு பேசும்போது முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார். ரெக்ஸிலினுக்குக் கல்யாணம் வந்தது. கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து பெண்ணின் தாய் கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொல்வார்கள், அன்றைக்கு முந்தானை உதவாது. ஏழு நாள் லீவு, ஏழு நாளும் சாயம் நின்றால் போதும், எட்டாம் நாள் அழித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். இவ்வளவுதான் அவர் கேட்டது.

“மூணு நாள் எண்ணெய் தொடாம வாங்கக்கா,” என்றாள் மெல்பா. “எவ்வளவு வெடிச்சாலும் சரி, அப்படியே கொண்டாங்க.”

மூன்றாம் நாள் மதியம் பனிமயத்தக்கா உப்புப் பாளமாக வெளுத்து, ரேகைக்கு ரேகை பிளந்து கிடந்த இரண்டு கைகளையும், திருடியதைத் திருப்பிக் கொடுப்பவர் போல, தலையைத் திருப்பிக்கொண்டு மெல்பாவின் மடியில் வைத்தார். மெல்பா ஸ்பிரிட்டால் துடைத்தாள், எரிந்தது. வெந்த இறாலின் நிறத்தைத் தேர்ந்தெடுத்து மெல்லிசாக மூன்று பூச்சுப் பூசினாள், நுனிகளை மூடினாள், விளக்கில் வைத்தாள். அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று இருவருமே சொல்கிறார்கள்.

கல்யாணத்தில் ஸ்தோத்திரம் சொன்ன முந்நூறு பேர் பிடித்த பிறகும், இருநூறு எலுமிச்சம்பழம் பிழிந்த பிறகும், வாடகை அண்டாக்களைச் சாம்பல் போட்டு விளக்கிக் கவிழ்த்த பிறகும் ஒரு நகத்தில்கூட ஓரம் தூக்கவில்லை. எட்டாம் நாள் மெல்பா அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, வெள்ளித்தாளால் பத்து விரல்களையும் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் சாயம் முகம் கழுவிவிட்டு வந்ததுபோல இருந்தது. அரத்தால் தேய்த்தாள், இரண்டு அரம் வழுவழுப்பாகிப் போனது. அப்புறம்தான் அவள் கவனித்தாள். நாளாக நாளாக நகம் வளரும், அடியில் பிறைபோல வெறும் நகம் தெரியும், ஜெல் போட்ட எவருக்கும் அது தெரியும். பனிமயத்தக்காவுக்குத் தெரியவில்லை. நகம் வளர்ந்திருந்தது, நிறமும் அதோடு வேரிலிருந்தே வளர்ந்து வந்திருந்தது. நுனியை வெட்டினாள். விழுந்த துண்டு உள்ளும் புறமும் வெந்த இறால் நிறத்தில் இருந்தது.

“இது இனிமே உங்க நகம்க்கா,” என்றாள் மெல்பா. “என்கிட்ட இதுக்கு வேலை இல்ல.”

மறுநாள் காலை வரிசையில் அந்தக் கைகள் என் முன்னால் வந்தன.

“யக்கா, சாயம்.”

“தெரியும் சார்.”

“அழிச்சிட்டு வாங்க.”

“அழியல சார்.”

“அழியலன்னா உள்ள விட முடியாதேக்கா.”

“உதிராம இருந்தா விடலாமா?”

“சட்டத்துல அப்படி எழுதலக்கா.”

பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்றார்கள். அவர் வரிசையை விட்டு விலகிப் போனார். விடுமுறை வாங்காமல் தொடர்ந்து முப்பது நாள் வேலைக்கு வராதவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள், அடித்த பெயரைத் திரும்ப எழுதுகிற வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை. ஐம்பதைத் தொடப்போகிற பெண்ணுக்கு எங்கள் ஊரில் வேறு வேலையும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த கையைப் பார்த்தேன்.

வேலையில்லாத கைகள் சும்மா இருக்காது. பனிமயத்தக்கா தன் வீட்டு நீலக் கதவில் சாய்ந்து நின்று, நகங்களால் அதைத் தட்டிக்கொண்டே தெருவைப் பார்த்தார். கதவின் கீழ்ப்பாதியில் நீலம் வழக்கம்போல உரிந்து விழுந்தது, அவர் தட்டிய மேல்பாதியில் விழவில்லை. எல்லாம் உரிகிற ஊரில் உரியாத ஒன்று இரண்டு நாளில் கண்ணில் பட்டுவிடும். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, “யக்கா, எங்க சுவத்தையும் ஒரு தட்டு தட்டுங்களேன்,” என்றாள். ஐந்தாம் நாள் படகுக்காரர் தொம்மை, புதிதாகப் பெயர் எழுதிய படகைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு அவரைக் கூப்பிட வந்தார். படகில் ஒவ்வொரு எழுத்தின் மேலும் அவர் தட்டினார். எழுத்துகள் நின்றன.

இதை அதிசயம் என்று எங்கள் ஊர் சொல்லவில்லை, வசதி என்றுதான் சொன்னது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று ஒரு சின்னச் சச்சரவு வந்தது, கடற்கரைப் பக்கமிருந்து ஆரம்பித்து ஒரு நாளைக்கு ஒரு தெரு, காலையில் இடது சாரி, மாலையில் வலது சாரி என்று பேசி முடித்தார்கள். பனிமயத்தக்கா போகிற வீடுகளில் அவருக்கு நாற்காலி போட்டார்கள், கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள், அவர் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். தபால் பெட்டியைத் தட்டினார், பஸ் நிறுத்தத்தைத் தட்டினார், கரும்பலகையைத் தட்டினார். பங்குச் சாமியார் முதலில் இதில் தனக்கு அபிப்பிராயம் இல்லை என்றார். பிறகு பூசையெல்லாம் முடிந்து கோயில் காலியான ஒரு மதிய நேரத்தில், தூண்கள் மட்டும் என்றார். பெயின்ட் கடைக்காரர் தன் பிழைப்பு போயிற்று என்று ஒரு வாரம் புலம்பினார். நிற்கப்போகிற சாயம் என்றதும் ஜனங்கள் வெறும் சுண்ணாம்பை விட்டுவிட்டு ரோஜா, மயில் கழுத்து, எலுமிச்சை என்று விலை கூடிய நிறங்களாகக் கேட்க ஆரம்பிக்கவும், அவர் கடையிலும் ஒரு நாற்காலி போட்டார்.

மனிதர்களை மட்டும் பனிமயத்தக்கா தட்டவில்லை. உப்பளத் தெருவிலிருந்து ஒருத்தி, மாதத்தில் பத்து நாள் வீட்டிலும் இருபது நாள் எங்கேயோவும் இருக்கிற தன் புருஷனைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்து, “தோள்ல ஒரே ஒரு தட்டு யக்கா,” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“கதவு நிக்கணும்னா தட்டுவேன். மனுசன் நிக்கணும்னா அவனுக்கே தோணணும். கூட்டிட்டுப் போ.”

ரிட்டயரான தபால்காரரின் பல்செட் மனிதனில் சேருமா, பொருளில் சேருமா என்று டீக்கடையில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. வாயில் இருக்கும்போது மனிதன், கையில் இருக்கும்போது பொருள் என்று முடிவாயிற்று. அவர் அதைக் கழற்றி ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். தட்டிக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு அவர் பேசிய முதல் வார்த்தை யாருக்கும் புரியவில்லை, சந்தோஷமான வார்த்தை என்பது மட்டும் தெரிந்தது.

மெல்பாவின் கடையிலோ கூட்டம் தாங்கவில்லை. எல்லோருக்கும் பனிமயத்துக்குப் போட்டது வேண்டும். அதே பாட்டில், அதே விளக்கு, அதே மூன்று பூச்சு. அவர்கள் அடிகுழாய்க்குப் பின்னால் போய்விட்டு வந்தார்கள், மூன்றாம் நாள் ஓரம் தூக்கியது.

நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறாம் நாள் காலை பனிமயத்தக்கா வரிசையின் கடைசியில் வந்து நின்றார். முந்தானைக்குள் கை இல்லை.

“சார், இன்னும் நாலு நாள்தான் இருக்கு.”

அவருக்கு முன்னால் நின்ற பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை.  நான் மேனேஜர் குரியன் சாரைக் கூப்பிட்டேன். கோட்டயத்துக்காரர், கோபமே வராதவர். கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உதிருதா இல்லையான்னு பார்த்துட்டாப் போச்சு. மூணு நாள் பாரு.”

மூன்று நாள் பார்த்தேன். ஆய்வறையில் பனிமயத்தக்காவைத் தனியாக உட்கார வைத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஐஸ் தண்ணீரில், உப்புத் தண்ணீரில், குளோரின் தண்ணீரில் மாறி மாறி எட்டு மணி நேரம் இறால் உரிக்க வைத்தேன். பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் துணியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இறால் ஓடும் மீசையும் கிடந்தன, ஒரு பொடிச் சாயம் கிடக்கவில்லை. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “நகச்சாயம்” என்று ஒரு கட்டம். உண்டு, இல்லை என்று இரண்டே பதில். உண்டு என்று எழுதினால் அவர் பெயர் மறுநாள் போகும். இல்லை என்று எழுதினால், காலையில் எல்லோரும் பார்க்கிற சிவப்பை நான் பார்க்கவில்லை என்றாகும். வேரிலிருந்து வளர்கிற நிறம் சாயமாகுமா? என் மயிர் நரைத்தபோது அது சுண்ணாம்பு என்று யாராவது சொன்னார்களா? இப்படியெல்லாம் எனக்குள் பேசி, கடைசியில் “இல்லை” என்று எழுதி, பக்கத்தில் “இயற்கை நிறம்” என்று சேர்த்தேன். குரியன் சார் அதைப் படித்தார், கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார், கையெழுத்துப் போட்டார்.

முப்பதாம் நாள் பனிமயத்தக்கா உள்ளே போனார். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு கன்டெய்னரும் திரும்பி வரவில்லை.

காலை ஏழு முதல் மாலை நான்கு வரை ஐஸ் தண்ணீருக்குள் இருப்பவருக்கு ஊரைத் தட்ட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து தூங்கினார். அதனால் கடற்கரைப் பக்கத் தெருக்கள் இன்றைக்கும் ரோஜாவும் மயில் கழுத்துமாகப் பளிச்சென்று நிற்க, முறை வருவதற்குள் தட்டுவது நின்றுபோன மேற்குத் தெருக்கள் பழையபடி உரிந்துகொண்டிருக்கின்றன. என் வீடு மேற்கே இருக்கிறது. யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அவரவர் தெருவை அவரவர் கூட்டி அள்ளிக்கொண்டோம்.

மெல்பாவின் கடையில் வேறொன்று நடந்தது. பனிமயத்தக்கா வேலைக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் திருவிழா லீவில், அவர் மேசையில் உரிக்கிற நான்கு பெண்கள், “யக்காவே அப்படியே கொண்டுபோய்க் காட்டுனாவளாம், நமக்கு என்ன?” என்று, மூன்று நாள் எண்ணெய் தொடாமல், வெடித்த கைகளை வெடித்தபடியே கொண்டுபோய் மெல்பாவின் மடியில் வைத்தார்கள். வேலை நாட்களில் சாயம் போட முடியாது என்பதால், வருடத்தில் கோயில் கொடி ஏறுகிற லீவுக்கு மட்டும் போட்டார்கள். பத்து நாள் நின்றது. உப்பளத்துப் பெண்களுக்குப் பதினாறு நாள் வரை நின்றது. மெல்பா வாசலில் இருந்ததை அழித்துவிட்டு, “பதினைந்து நாள் உரியாது. எண்ணெய் அப்புறம்” என்று எழுதினாள். சாயம் இறுகிய பிறகு அவளே ஒவ்வொரு விரலுக்கும் எண்ணெய் தொட்டு நகத்தின் அடியில் தேய்த்துவிடுவாள், இப்போது அது சாயத்துக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது என்பாள். அடிகுழாய்க்குப் பின்னால் இப்போது யாரும் ஒதுங்குவதில்லை.

வருடத்துக்கு ஒரு முறையாவது, டீ நேரத்தில், பனிமயத்தக்கா எனக்கு இந்தக் கதையை முழுக்கச் சொல்வார். மெல்பாவின் கடையில் நடந்ததையும், கதவையும், படகையும், பல்செட்டையும் சொல்லிவிட்டு ஒரே மாதிரி முடிப்பார். “அந்த இருபத்தாறு நாளும் அழுதேன் சார். நீங்கதான் என் சோத்தக் காப்பாத்துனிய.” எனக்கு அது கேட்க நன்றாக இருக்கும். நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் என்று வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. கடைசி நாள் காலையில் வரிசையில் வந்து, பழக்கத்தில் கைகளை நீட்டினார். நானும் பழக்கத்தில் புறங்கையைப் பார்த்தேன், திருப்பச் சொன்னேன். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். உடனே ஒரு காட்சி வந்தது. அந்த இருபத்தாறு நாட்களில் ஒன்றில் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கடற்கரைத் தெருவில் பனிமயத்தக்கா நடந்துபோனார். பின்னால் நாற்காலி தூக்கிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள். இரண்டு கையையும் வீசி வீசி, உச்சி வெயிலில் பத்து நகமும் எரிய, யாரோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துக்கொண்டு போனார். என் இருபது வருடத்தில் ஒரு நாளும் ஐஸ் தண்ணீர் மேசையில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

இத்தனை காலம் எந்த இடத்தைச் சந்தேகப்பட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நகத்தை அல்ல. அவருக்குப் பின்னால் நின்றவர்களை உள்ளே போகச் சொன்னேன். அவர் நீட்டிய கைகளை இன்னும் எடுக்கவில்லை.

“என்ன சார், கடைசி நாளுலயும் உள்ள விட மாட்டியளா?”

“விடுதேன்க்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த இருபத்தாறு நாளும் நீங்க நெசமாவே அழுதியளா?”